அந்த நீள மேஜை எங்கே போனது?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதை 1966 முதல் தொடர்களாகவும் படங்களாகவும் வருகிறது. அதில் புதியவை ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டால் நான் ஒரு மேஜையைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். 1987-இல் தொடங்கிய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் எண்டர்பிரைஸ் கப்பலுக்குள் ஒரு மீட்டிங் அறை வரும். நீளமான மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், சுவர் முழுக்கப் பெரிய ஜன்னல்கள், வெளியே நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். கப்பல் ஏதாவது சிக்கலில் மாட்டியதும் கேப்டன் பிக்கார்ட் எல்லோரையும் அங்கே கூப்பிட்டு உட்கார வைப்பார். டேட்டா தகவலைச் சொல்வார், வொர்ஃப் ஆயுதங்களைத் தயாராக வைக்கலாம் என்பார், எதிரில் இருப்பவர்கள் கோபத்தில் இல்லை, பயத்தில் இருக்கிறார்கள் என்பார் ட்ராய், இன்ஜின் எவ்வளவு தாங்கும் என்று ஜார்டி கணக்குச் சொல்வார். பிக்கார்ட் யாரையும் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு கேள்வி கேட்டு, பிறகு முடிவு எடுப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கேபிளில் ஆங்கிலச் சானல்கள் வந்த புதிது. அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியாது, ஆனாலும் அந்த அறையில் நடப்பது புரியும். மேலே இருக்கிற ஒருவர் தனக்கு விடை தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தன்னைவிட வயதிலும் பதவியிலும் சின்னவர்களிடம் யோசனை கேட்டு, அவர்கள் மறுத்துப் பேசினாலும் முகம் சுளிக்காமல் இருப்பதை அதற்கு முன் நான் வீட்டிலும் பார்த்ததில்லை, பள்ளியிலும் பார்த்ததில்லை. விண்கலம், வேற்றுக்கிரகம் எல்லாம் எனக்கு அப்புறம்தான். அந்த மேஜையைப் பார்த்துத்தான் ரசிகன் ஆனேன்.

அதே தொடரின் இரண்டாவது சீசனில், 1989-இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்ற எபிசோடை இன்றுவரை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வழக்கறிஞராக இருந்து எழுத வந்தவர். டேட்டா ஓர் ஆண்ட்ராய்டு. அவரைப் பிரித்துப் பார்த்து ஆராய வேண்டும் என்று புரூஸ் மேடக்ஸ் என்ற விஞ்ஞானி வந்து நிற்கிறார். டேட்டா மறுக்கிறார். மறுக்க அவருக்கு உரிமை உண்டா, அல்லது அவர் ஸ்டார் ஃப்ளீட் என்ற விண்கலப் படையின் சொத்தா என்று விசாரணை நடக்கிறது. அங்கே போதுமான வக்கீல்கள் இல்லாததால் டேட்டாவுக்கு எதிராக வாதாடும் பொறுப்பு அவருடைய நெருங்கிய நண்பர் ரைக்கர் தலையில் விழுகிறது. முழு மனதோடு வாதாடாவிட்டால் வழக்கே அப்போதே முடிந்துபோகும், டேட்டா மேடக்ஸிடம் போய்விடுவார்.

இதில் ஓர் இடம். ரைக்கர் இரவில் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் உடல் வரைபடத்தைத் திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார். ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது. முகம் சட்டென்று மலர்கிறது, ஜெயிக்க வழி கிடைத்துவிட்டது. அடுத்த விநாடியே அந்தச் சந்தோஷம் அப்படியே வடிந்துபோகிறது, ஏனென்றால் ஜெயித்தால் என்ன ஆகும் என்று அவருக்கு உறைத்துவிட்டது. வசனம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் விசாரணையில் ரைக்கர் எழுந்து வந்து, டேட்டாவின் கையைக் கழற்றி மேஜையில் வைத்து, முதுகுப் பக்கம் இருக்கும் சுவிட்சை அழுத்துகிறார். டேட்டா அப்படியே மேஜை மேல் குப்புறச் சரிகிறார்.

வெடிகுண்டு கிடையாது, போர் கிடையாது. ஏறத்தாழ எல்லாமே அறைக்குள் பேச்சுதான். உலகம் அழியப்போவதில்லை, ஒரே ஒருவருடைய உரிமைதான் கேள்வி. அதைப் பார்த்து நான் அன்று இரவு தூங்கவில்லை.

இப்போது 2020-க்கு வருவோம். 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' வந்தது, பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டீவர்ட் திரும்பி வந்தார். கதையின் தொடக்கமே அந்த 1989 வழக்கிலிருந்து முளைத்ததுதான். செவ்வாயில் ஒரு பேரழிவு, அதற்குச் செயற்கை மனிதர்கள்தான் காரணம் என்று சொல்லி அவர்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டார்கள். அதாவது டேட்டா யாருடைய சொத்தும் இல்லை, மறுக்க உரிமை உண்டு என்று அன்று கிடைத்த அந்தத் தீர்ப்பை அதே அரசாங்கமே குப்பையில் போட்டுவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு தெரியுமா? பிக்கார்ட் மறுபடி ஒரு மன்றத்தில் போய் நிற்பார், பயந்துபோன ஒரு சமூகத்திடம் பேசுவார், நாம் கேட்டுக்கொண்டிருப்போம் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. ஐந்தாவது எபிசோடின் முதல் காட்சியிலேயே ஐசெப் என்ற இளைஞனை ஒரு மேஜையில் கட்டிப்போட்டு, மயக்க மருந்துகூட இல்லாமல் கண்ணைப் பிடுங்குகிறார்கள். 1995-இல் தொடங்கிய 'வாயேஜர்' தொடரைப் பார்த்தவர்களுக்கு ஐசெப் யாரென்று தெரியும். பிடித்தவர்களையெல்லாம் பாதி இயந்திரமாக்கும் 'போர்க்' (Borg) என்ற கூட்டத்திலிருந்து மீட்கப்பட்ட பையன், அதே கூட்டத்திலிருந்து மீண்ட செவன் என்ற பெண் தன் பிள்ளைபோல வளர்த்தவன். அவனுடைய வேதனையை முடிக்க செவனே அவனைச் சுட வேண்டிவருகிறது. எபிசோடின் முடிவில் அவள் பழிவாங்கப் போகிறாள். அதே எபிசோடில்தான் அந்த மேடக்ஸும் சாகிறார். 1989-இல் விசாரணையில் தோற்றும், கடைசியில் டேட்டாவை 'அது' என்று சொல்வதை விட்டு 'அவர்' என்று சொல்லப் பழகிய அந்த மனிதர், முப்பது வருடம் கழித்துக் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு, சிகிச்சைப் படுக்கையில் கிடக்கும்போது காதலியின் கையால் கொல்லப்படுகிறார். அவரோடு உட்கார்ந்து பேச எவ்வளவு இருந்தது! அவர் என்ன கற்றுக்கொண்டார், ஏன் தொடர்ந்து ஆராய்ந்தார், டேட்டாவைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறார்? கேட்க யாருக்கும் நேரம் இல்லை, சீசன் முடிவை நோக்கி ஓட வேண்டும். அந்த முடிவில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வந்து நிற்கும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த ஒரே கப்பல்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. அதே சீசனில் ராஃபி என்ற பெண் பிக்கார்டைப் பார்த்து, நீ உன் பெரிய மாளிகையில் பழைய மரச்சாமான்களோடு வாழ்கிறாய், நான் இந்தப் பாலைவனத்து டிரெய்லரில் கிடக்கிறேன் என்று பொருமுகிறாள். காசு தேவையில்லாத, பசி இல்லாத பூமி என்பது ஸ்டார் ட்ரெக்கின் அடித்தளம். பிக்கார்டே அதைப் பல தடவை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறார். அதைத் தெரிந்தே உடைத்து, ஏன் உடைந்தது என்று ஆராய்ந்திருந்தால் நான் மரியாதையோடு பார்த்திருப்பேன். ஆனால் அது அங்கே போகிறபோக்கில் ஒரு வசனம், அவ்வளவுதான்.

ராஃபி வாழும் அந்தப் பாறை நிலம் கலிஃபோர்னியாவில் உள்ள வாஸ்குவேஸ் ராக்ஸ். பழைய ரசிகர்களுக்குப் பார்த்ததும் தெரியும், ஏனென்றால் 1967-இல் முதல் தொடரின் 'அரீனா' எபிசோடில் கேப்டன் கிர்க் கோர்ன் என்ற பல்லி முகத்தானோடு சண்டை போட்டது அங்கேதான். அந்த எபிசோடைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கோர்ன்கள் ஒரு குடியிருப்பையே அழித்துவிட்டார்கள். கிர்க் கொதித்துப்போய் விரட்டுகிறார். மேம்பட்ட வேறோர் இனம் இரண்டு கேப்டன்களையும் தூக்கி ஒரு கிரகத்தில் போட்டு, சண்டையிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறது. கிர்க் மூங்கில் குழாய், கந்தகம், வெடியுப்பு, கரி எல்லாம் பொறுக்கி ஒரு பீரங்கி செய்து, வைரக் கற்களைக் குண்டாகப் போட்டுச் சுடுகிறார். கோர்ன் விழுந்துகிடக்கிறான், கிர்க் கையில் கத்தி. அப்போதுதான் அந்த யோசனை வருகிறது: ஒருவேளை நாம்தான் அவர்கள் இடத்தில் போய்க் குடியேறினோமோ, அவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்களோ? கிர்க் குத்தாமல் விட்டுவிடுகிறார். அந்த ரப்பர் உடையைப் பார்த்து இன்று சிரிக்கலாம். ஆனால் கத்தியை எடுத்தபிறகு ஒருவன் யோசிக்கிறான் என்பதுதான் அந்தக் கதை.

2022-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் அதே கோர்ன்கள் மனித உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வரும் மிருகங்கள். ஹெம்மர் என்ற அருமையான பாத்திரம், கண் தெரியாத தலைமை இன்ஜினியர், உடலில் அந்த முட்டைகளைச் சுமந்துகொண்டு குதித்துச் சாகிறார். பயமாகத்தான் இருந்தது, நன்றாகவும் எடுத்திருந்தார்கள். ஆனால் எந்த உயிரினத்தை வைத்து 'எதிரியையும் புரிந்துகொள்' என்று 1967-இல் சொன்னார்களோ அதையேவா பேயாக்க வேண்டும்? புதிதாக ஒரு பிராணியை உருவாக்கியிருக்கலாமே. 2025-இல் வந்த மூன்றாவது சீசனில் கப்பலை ஓட்டும் ஒர்டேகாஸும் ஒரு கோர்னும் ஒரு நிலவில் தனியாகச் சிக்கி, ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைக்கும் ஒரு எபிசோடு வந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் அந்தத் தொடர் மேல் எனக்கு நிறையப் பிரியம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் கேப்டன் பைக் தன் அறையில் தானே சமைத்து எல்லோருக்கும் விருந்து வைப்பார். முதல் சீசனில் பயிற்சிக்கு வந்த உஹுரா அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று பைக் கேட்கிறார். இந்த வேலையில் நீடிப்பேனா என்றே எனக்கு உறுதியில்லை என்று கேப்டன் முகத்துக்கு நேராகவே அவள் சொல்கிறாள். மேஜை ஒரு நொடி அமைதியாகிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்துவிட்டேன். இதுதானே, இதைத்தானே இத்தனை நாளாகத் தேடினேன்!

புதிய தொடர்களில் 2017-இல் வந்த 'டிஸ்கவரி'தான் முதல். ஐந்து சீசன், 65 எபிசோடு, 2024-இல் முடிந்தது. அதைத் திட்டுகிறவர்களில் ஒரு கூட்டம் கறுப்பினப் பெண் கதாநாயகி என்பதற்காகவே திட்டியது, எனக்கு அவர்களோடு எந்த ஒட்டும் இல்லை. 1966-லேயே கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ் உஹுராவாகக் கப்பலை இயக்கும் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் விலக நினைத்தபோது போகாதீர்கள் என்று மார்ட்டின் லூதர் கிங்கே கேட்டுக்கொண்டார். 1993-இல் கறுப்பின நாயகன் சிஸ்கோவாக ஏவரி புரூக்ஸ், 1995-இல் பெண் கேப்டன் ஜேன்வேயாக கேட் மல்க்ரூ. ஸ்டார் ட்ரெக் என்றைக்கும் அப்படித்தான். மைக்கேல் பர்னமாக நடித்த சொனெக்வா மார்ட்டின்-கிரீன் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்தார், குறை அந்த வேலையில்தான் இருந்தது. ஒவ்வொரு சீசனிலும் மொத்த விண்மீன் மண்டலமே அழியப்போகும், ஒவ்வொரு முறையும் அவர் ஒருவர்தான் காப்பாற்ற வேண்டும். மற்றவர்கள்? டெட்மர், ஒவொசெகுன் என்று இரண்டு பேர் முதல் சீசனிலிருந்து கப்பலை ஓட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப்பார்த்தால் ஒரு பத்தி தேறாது.

ஏரியம் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. முகமெல்லாம் உலோகம்போல இருக்கும் ஒரு பெண், முதல் சீசனிலிருந்தே பின்னணியில் நிற்பாள். ரோபோவா, மனுஷியா, யாருக்கும் தெரியாது. 2019-இல், இரண்டாவது சீசனில், ஒரு எபிசோடில் திடீரென்று அவளுடைய கதையைச் சொல்கிறார்கள். அவள் மனுஷிதான். விபத்து ஒன்றில் கணவன் இறந்துபோக, இவள் இயந்திர உடலோடு பிழைத்தாள். நினைவுகளைச் சேமிக்க இடம் போதாது, அதனால் வாராவாரம் உட்கார்ந்து எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று தானே தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய கதை இது! கணவனோடு கடற்கரையில் நடந்த நாளை அழிக்காமல் வைத்திருக்கிறாள். அடடா, இந்தப் பெண்ணோடு இன்னும் பத்து எபிசோடு இருக்கலாமே என்று நினைக்கும்போதே, அதே எபிசோடின் முடிவில், அவளைக் கதவு திறந்து விண்வெளியில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அழ வைப்பதற்காக மட்டும் அவளை அறிமுகம் செய்திருக்கிறார்கள். அழுதேன்தான். ஆனால் ஏமாற்றப்பட்டதாகவும் இருந்தது.

இதற்குக் காரணம் எழுத்தாளர்களின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பழைய தொடர்கள் வருடத்துக்குச் சுமார் 26 எபிசோடு எடுத்தன. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஏழு சீசனில் மொத்தம் 178. அது ஒரே பெரிய நெட்வொர்க்கில் வரவில்லை, ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டது, யார் எந்த வாரம் விட்டுப் பார்த்தாலும் புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு எபிசோடும் தன் காலில் நின்றாக வேண்டும். ஒரு வாரம் டேட்டா, ஒரு வாரம் வொர்ஃப், ஒரு வாரம் டாக்டர் என்று எல்லோருக்கும் முறை வரும். மோசமான எபிசோடுகளுக்கும் பஞ்சமில்லை. முதல் சீசனின் 'கோட் ஆஃப் ஹானர்' இன்று பார்க்கக் கூசும், இரண்டாவது சீசன் முடிந்ததே பழைய காட்சிகளை ஒட்டிப்போட்ட ஒரு எபிசோடில்தான். இருந்தாலும் அடுத்த வாரம் இன்னொன்று வரும். இப்போது வருடத்துக்குப் பத்து, அதுவும் சந்தாதாரர் அடுத்த மாதமும் பணம் கட்ட வேண்டுமென்றால் ஒரே மர்மத்தைப் பத்து வாரம் இழுக்க வேண்டும். கடைசியில் முடிச்சு அவிழும்போது இழுத்த இழுவைக்குத் தாங்காது. 'டிஸ்கவரி' மூன்றாவது சீசனில் விண்மீன் மண்டலம் முழுக்கக் கப்பல்கள் வெடித்துச் சிதறியதற்குக் காரணம், தாயை இழந்த ஒரு குழந்தையின் அலறல். அந்தக் குழந்தையின் துக்கத்தை மட்டும் ஒரு எபிசோடாக எடுத்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

அந்தத் தொடரின் நான்காவது சீசன் 2021 நவம்பரில் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, அமெரிக்காவுக்கு வெளியே அதுவரை வந்துகொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸில் இனி வராது என்று அறிவித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. குறை சொல்லிக்கொண்டே இருந்தாலும் அந்த வாரம் பார்க்க நாங்கள் தயாராகத்தான் இருந்தோம்.

சினிமாக்களைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை, ஆனால் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1982-இல் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்தில் கிர்க்கின் நண்பர் ஸ்பாக் கதிர்வீச்சு நிரம்பிய அறைக்குள் போய்க் கப்பலைக் காப்பாற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்திருப்பார். கிர்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கூப்பிட்டதும் ஸ்பாக் எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டு, திரும்பி நடந்து வந்து கண்ணாடியில் மோதிக்கொள்வார், கண் போய்விட்டது. சாகும்போதும் சட்டையைச் சரிசெய்கிற அந்த ஒரு அசைவில் அந்த மனிதர் முழுதாக இருக்கிறார். அந்தக் காட்சிக்குப் பின்னால் 1966 முதல் சேர்ந்த நட்பு இருக்கிறது. 2013-இல் 'இன்டு டார்க்னஸ்' அதே காட்சியை எடுத்து, ஆளை மட்டும் மாற்றி, கிர்க்கை உள்ளேயும் ஸ்பாக்கை வெளியேயும் வைத்து, கொஞ்ச நேரத்திலேயே வில்லன் கானின் ரத்தத்தை ஏற்றி கிர்க்கை எழுப்பிவிட்டது. புது நடிகர்களோடு வந்த இந்த இளம் கிர்க்கும் ஸ்பாக்கும் பழகியே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அந்தக் கான் பாத்திரத்தின் முழுப் பெயர் கான் நூனியன் சிங், வட இந்தியச் சீக்கியராக இருக்கலாம் என்று 1967-லேயே வசனம் உண்டு. அன்று மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மொன்டல்பான் நடித்தார். 2013-இல் இந்திய நடிகரைத் தேடாமல் பெனடிக்ட் கம்பர்பேட்சை ஏன் போட்டார்கள் என்று நான் இன்றும் கேட்கிறேன். அந்த வருடம் லாஸ் வேகாஸில் நடந்த மாநாட்டில் ரசிகர்கள் எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்தியபோது அதைக் கடைசியில் வைத்தார்கள்.

2025 ஜனவரியில் வந்த 'செக்ஷன் 31' படத்துக்கு ஒரு வரி போதும். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் 1998-இல் அந்தப் பெயருள்ள ரகசிய அமைப்பை அறிமுகப்படுத்தியது டாக்டர் பஷீர் அருவருத்து எதிர்ப்பதற்காக, இந்தப் படத்தில் அவர்கள்தான் ஹீரோக்கள்.

'பிக்கார்ட்' மூன்றாவது சீசனில், 2023-இல், பழைய ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பழைய எண்டர்பிரைஸின் மேல்தளத்தை, அந்தக் கம்பளம் உட்பட, அப்படியே கட்டியிருந்தார்கள். கடைசிக் காட்சியில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள், 1994-இல் தொடர் முடிந்ததும் இப்படித்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் அந்த சீசனில் அவர்கள் எதைப் பற்றி யோசித்தார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். மறுபடியும் போர்க், மறுபடியும் பூமியைக் காப்பாற்றுவது. பழைய முகங்கள் எல்லாம் வந்திருந்தன, பழைய கேள்வி ஒன்றுகூட வரவில்லை. 'லோயர் டெக்ஸ்' என்ற கார்ட்டூன் தொடருக்குத்தான் இந்தப் புதியவற்றிலேயே ஸ்டார் ட்ரெக் நன்றாகப் புரிந்திருக்கிறது என்பேன். கடைநிலை ஊழியர்கள், சின்னச் சின்ன வேலை, வேலையைச் சரியாகச் செய்வதில் ஒரு சந்தோஷம். பார்க்காதவர்கள் பாருங்கள்.

போன மாதம் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு 'தி மெஷர் ஆஃப் எ மேன்' போட்டுக் காட்டினேன். படம் பழசாக இருக்கிறதே என்று முதலில் முனகினாள். ரைக்கர் அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரித்து, சிரிப்பு அடங்கும் இடத்தில், "சித்தப்பா, நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன்.

"இவரே போய் ஃப்ரெண்டுக்கு எதிரா பேசணுமா? முடியாதுன்னு சொல்லிடலாம்ல?"

"சொன்னா டேட்டாவைப் பிரிச்சிடுவாங்களே."

"அப்போ தோக்கிற மாதிரி பேசலாம்."

"கண்டுபிடிச்சிடுவாங்களே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு டேட்டாவுக்கு வலிக்குமா என்று கேட்டாள், வலித்தால்தான் உரிமை உண்டா என்று அவளே திருப்பிக் கேட்டாள், அண்ணி சமையலறையிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே, சுவிட்ச் இருந்தால் என்ன, நமக்கும் தூக்க மாத்திரை கொடுத்தால் விழுந்துவிடுவோமே என்றார். மீதிப் படம் நின்றபடியே நிற்க, நாங்கள் மூன்று பேரும் இட்லி ஆறும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.